குண்டு பாய்ந்த கேமராவும் நம் வீட்டு நெகட்டிவும்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மண்டபத்தைத் தந்து மின்விசிறியும் போட்டுக்கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, அலுவல்களுக்கு இடையே வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, நாற்பது ஆண்டுகள் இருட்டறையில் நின்று இந்த ஊர்க் கல்யாணங்களையெல்லாம் கழுவிக்கொடுத்த ஸ்டுடியோ அண்ணாச்சி அவர்களே, நண்பர்களே, வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தமிழ் கற்பித்த ஐயா மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்கள். ஒரு கைதட்டல் கொடுங்கள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று ஐயாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டு மூன்று விஷயங்கள் பேச வந்தேன்: ஒரு கேமரா, அதை ஏந்தியவர், போர்க்களத்தில் செய்தியாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு.

கேமரா, நிக்கான் எஃப். 1959இல் ஜப்பானில் வந்தது. முழுக்க இயந்திர வேலை. படம் எடுக்க பேட்டரி தேவையில்லை. ஒரு சுருளில் 36 படம். 1970இல் கம்போடியாவில் பிரிட்டிஷ் போர்ப் புகைப்படக்காரர் டான் மெக்கலின் கையிலிருந்த நிக்கான் எஃப் மீது ஏ.கே.47 குண்டு பாய்ந்தது. கேமரா வாங்கிக்கொண்டது, மனிதர் பிழைத்தார். அதே ஆண்டு அதே நாட்டில் குண்டுச் சிதறல் பட்டுக் காயமும் அடைந்தார்.

இவர் யார்? 1935இல் பிறந்தவர், லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பகுதியின் ஏழைப் பையன். விமானப்படைச் சேவையில் இருந்தபோது ரோலிகார்ட் கேமரா ஒன்று வாங்கினார். ஊர் திரும்பியதும் கையில் காசில்லை. என்ன செய்வார்? நம் வீட்டில் பித்தளை அண்டா எங்கே போகுமோ அங்கே போனது கேமரா. ஆமாம், அடகுக் கடை! அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அவருடைய அம்மா போய்ப் பணம் கட்டி மீட்டு வந்தார். தாய்மார்களே, கேளுங்கள்: மகன் பெரிய ஆளாவான் என்று அந்த அம்மாவுக்கு எந்த ஜோசியரும் சொல்லவில்லை. மகனின் பொருள் அடுத்தவன் கடையில் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான். அந்த மீட்ட கேமராவால் 1958இல், குண்டுவீச்சில் சிதைந்த வீடொன்றில் நின்ற தன் தெருப் பையன்களை எடுத்தார். பிறகு அந்தப் பகுதியில் ஒரு காவலர் கொலையுண்டார். அந்தச் செய்தியை ஒட்டி அந்தப் பையன்களின் படம் 1959இல் லண்டனின் அப்சர்வர் பத்திரிகையில் வந்தது. அங்கிருந்துதான் போர்க்களம் போர்க்களமாகப் போனார்: சைப்ரஸ், நைஜீரியாவின் பயாஃப்ரா, வியட்நாமின் ஹுவே நகரம், 1971இல் கிழக்கு வங்க அகதிகள். நிழலின் அருமை வெயிலில் தெரியும். அந்த அம்மாவுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

2019இல் லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சி. 250க்கும் மேற்பட்ட படங்கள். அத்தனையும் அவரே தம் இருட்டறையில் பிரிண்ட் போட்டவை. அப்போது வயது 83. குண்டு பாய்ந்த கேமராவையும் வைத்திருந்தார்கள். கூட்டம் கேமராவைப் பார்க்கும். நான் கேட்பது வேறு. 1968இல் ஹுவேயில் அவர் எடுத்த, இமைக்காமல் வெறித்த அமெரிக்கப் படைவீரனின் முகம் பல பத்தாண்டு கழித்துப் புதிய தாளில் எப்படி எழுந்தது? நெகட்டிவ், அதாவது படம் பதிந்த மூல ஃபிலிம், பத்திரமாக இருந்தது!

நம்மிடம்? அருகிலுள்ள ஊரில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது மூட்டை மூட்டையாக நெகட்டிவ் பழைய பொருள் வண்டியில் எடைக்குப் போனதை நின்று பார்த்தேன். தடுக்கத் தெரியவில்லை, இன்றும் உறுத்துகிறது. அதில் வெள்ளம் வந்த தெரு இருந்திருக்கும், இடித்துவிட்ட பள்ளிக்கூடம் இருந்திருக்கும். அலமாரியைத் திறந்தால் புளித்த காடி நெடி அடிக்கிறதா? அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதைகிறது என்று பொருள். வெப்பமும் ஈரமும் அதற்கு எமன். கெட்டதை உடனே தனியே பிரித்து வையுங்கள். அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

சட்டப் பாதுகாப்பு பற்றி, போர்க்காலத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான, 1977ஆம் ஆண்டின் ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறை செய்தியாளரைப் பொதுமக்களில் ஒருவராகவே கருதுகிறது என்பதோடு நிறுத்துகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஊர் நெகட்டிவ்களைப் பாதுகாக்க நூலக மாடியில் ஓர் அறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு இரும்பு பீரோ. இதுதான் என் கோரிக்கை. மனு மேசையில் இருக்கிறது. நிழலின் அருமை தெரிந்தவர்கள் கையெழுத்திட்டுப் போங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணாச்சியும் நானும் இங்கே இருப்போம். நெகட்டிவை ஓரம் பிடித்து எடுங்கள், காகித உறையில் போடுங்கள், உறையின் மேல் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள்.