இரண்டு நாட்காட்டிகள்

அவைத் தலைவர் அவர்களே, சமூகப் பணித் துறைப் பேராசிரியர்களே, இன்னும் சில மாதங்களில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டப்போகும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

'சர்வதேச உதவி நிறுவனங்கள்: செய்திகளும் வரவிருக்கும் நிகழ்வுகளும்' என்பது செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு. உதவியாக இருக்கட்டும் என்று ஒரு தாளும் அனுப்பியிருந்தார். ஜனவரியில் டாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மன்றம், ஆகஸ்ட் 19 உலக மனிதாபிமான நாள், செப்டம்பரில் நியூயார்க்கில் பொதுச்சபை, அக்டோபர் 16 உலக உணவு நாள், டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கு வெளியிடும் நாள். எந்த மாதம் எந்த ஊரில் யார் கூடுகிறார்கள் என்பதெல்லாம் ரயில்வே கால அட்டவணை போல அச்சாக இருந்தது. இரண்டு முறை படித்தேன். அந்தத் தாளில் மழை எங்குமே பெய்யவில்லை.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உலகத்தில் பசி வருவதற்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. உதவி வருவதற்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள். இன்று நான் பேசப்போவது அதைப் பற்றி மட்டும்தான்.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. உங்கள் பாட்டியோ பாட்டியின் பாட்டியோ 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லியிருப்பார்கள். அறுபது வருடப் பெயர்களில் தாதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் 1876இல் மழை பொய்த்த பிறகு, அந்தப் பெயர் வருடத்தின் பெயராக இல்லாமல் பஞ்சத்தின் பெயராகிவிட்டது. பசிக்கு நாட்காட்டி உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதே வேளையில் ஆட்சியாளர்களின் நாட்காட்டியில் என்ன இருந்தது? 1877 ஜனவரி 1, தில்லி தர்பார். விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் விழா. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் ஊரைவிட்டு நடக்கத் தொடங்கியிருந்த நாட்களில், மாகாண ஆளுநர் பக்கிங்காம் பிரபு தில்லிக்குப் புறப்பட்டுப் போனார். வைசிராய் லிட்டன் அழைத்த விழாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

அதே பக்கிங்காம்தான் 1877 ஆகஸ்டில் லண்டன் மேயருக்குத் தந்தி அடித்தார். மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸில் நிதி திரட்டினார்கள். கடல் கடந்து பணம் வந்தது. இன்றைய சர்வதேச நிவாரண நிதியின் தாத்தா அது. தாத்தாவிடமே இன்றைய நோய் இருந்தது. மழை பொய்த்தது 1876இல். தந்தி போனது 1877 ஆகஸ்டில்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 1880இல் அறிக்கை, 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு. அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்ததை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பிணம் விழும்வரை காத்திருக்காதே, அதற்கு முன்பே தெரியும் அறிகுறிகளைப் பார் என்று அது சொன்னது. தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் காரணமில்லாமல் வழியில் அலைகிறார்களா, சில்லறைத் திருட்டு கூடுகிறதா என்று மாவட்ட அதிகாரி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அதிகாரியைப் படைத்த ஆட்சியின் மீது எனக்கு எந்த அனுதாபமும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலின் வாடை, உதவி நிறுவனங்களின் தலைமையகங்கள் இருக்கும் ஜெனீவாவிலும் ரோமிலும் இன்றும் அடிக்கிறது.

ஓர் ஊரின் பசி எவ்வளவு கடுமை என்று அளக்க இன்று ஐ.பி.சி. என்ற அளவுகோல் இருக்கிறது. 2004இல் சோமாலியாவில் பிறந்தது. மொத்தம் ஐந்து படிகள்; ஐந்தாவது படி பஞ்சம். ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு வீட்டில் சாப்பாடே இல்லை, நூற்றுக்கு முப்பது குழந்தைகள் கடும் ஊட்டக் குறைவில் இருக்கிறார்கள், பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளில் இரண்டு பேர் பட்டினியாலோ அதோடு சேர்ந்த நோயாலோ சாகிறார்கள். இவை மூன்றும் சேர்ந்தால்தான் அதற்குப் 'பஞ்சம்' என்று பெயர் வைப்பார்கள். கவனியுங்கள். அந்தப் பெயரை வைப்பதற்கே ஆட்கள் செத்திருக்க வேண்டும். ஐந்தாம் படியில் மணி அடிக்கும்போது ஓடி வருகிறவன் ஏற்கெனவே தாமதமாக வந்தவன். நாலாம் படியிலேயே, மூன்றாம் படியிலேயே வரச் சொல்லித்தான் படிகளையே கட்டினார்கள். வருகிறார்களா?

சோமாலியாவில் இரண்டு மழைக்காலங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை 'கூ'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'தெய்ர்'. 2010 ஆகஸ்டிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது: பசிபிக் பெருங்கடல் குளிர்கிறது, தெய்ர் பொய்க்கும். தெய்ர் பொய்த்தது. எச்சரிக்கைமேல் எச்சரிக்கை அனுப்பினார்கள். அடுத்த கூ மழையும் கைவிட்டது. ஆடு மாடுகள் செத்தன. ஒரு மூட்டை சோளத்தின் விலைக்கு முன்பு விற்றதைப்போலப் பல மடங்கு கால்நடைகளை விற்க வேண்டியிருந்தது. 2011 ஜூலை 20 அன்று ஐக்கிய நாடுகள் சபை தெற்குச் சோமாலியாவின் இரண்டு பகுதிகளில் பஞ்சம் என்று அறிவித்தது. அதன் பிறகுதான் கேமராக்கள் வந்தன, கேமராக்களுக்குப் பின்னால் பணம் வந்தது. முதல் எச்சரிக்கைக்கும் அறிவிப்புக்கும் நடுவே பதினொரு மாதம். பின்னால் நடந்த ஆய்வு 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை ஏறத்தாழ 2,58,000 பேர் செத்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் 1,33,000 பேர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள்.

யாருக்கும் தெரியாமல் நடந்த சாவல்ல இது. தெரிந்தும் ஏன் நகரவில்லை? ஒரு காரணம் அரசியல். தெற்கு அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் இருந்தது; அவர்கள் ஐக்கிய நாடுகள் சபையின் உலக உணவுத் திட்டத்தை வரவிடவில்லை. ஒரு மூட்டை அவர்கள் கைக்குப் போனாலும் குற்றம் என்று அமெரிக்கச் சட்டம் இன்னொரு பக்கம் மிரட்டியது. இரண்டு பக்கமும் கதவு மூடியிருந்தது. இன்னொரு காரணம் இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே எனக்குக் கூடுதலாக எரிச்சல் ஊட்டுவது. கொடுக்கிறவனின் நிதியாண்டு. அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும். அமெரிக்க உணவு உதவியில் பெரும்பகுதி அமெரிக்க வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும், அதில் முக்கால் பங்காவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்று அன்றைய சட்டம். கொள்முதல், துறைமுகம், கப்பல், மறுபடி துறைமுகம், லாரி என்று நாலு முதல் ஆறு மாதம் ஓடிவிடும். பசித்தவன் வீட்டுக் குதிர் காலியாகும் மாதத்துக்கும் இதற்கும் என்ன உறவு?

செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் 2017ஐக் காட்டுங்கள். அதே சோமாலியா, அதே மாதிரி வறட்சி. இந்த முறை முன்னதாகவே பணம் கொடுத்தார்கள். தானிய மூட்டைக்குப் பதில் ஜனங்களின் கைபேசிக்கே காசு போனது. அவர்கள் பக்கத்துச் சந்தையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். பஞ்சம் என்ற அறிவிப்பு வரவில்லை. அதற்காக அறிவிப்பு இல்லையென்றால் சாவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 வறட்சியிலும் பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. அந்த ஒரே ஆண்டில் 43,000 பேர் கூடுதலாகச் செத்திருப்பார்கள் என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் சில காலம் வேலை பார்த்தேன். தார் அட்டைக் கூரை போட்ட தற்காலிகக் குடியிருப்பில் ஒரு கோடை முழுவதும் வெந்த ஜனங்கள் அவர்கள். ஒரு வெளிநாட்டு அமைப்பு நல்ல மனசோடு வீடு கட்டிக் கொடுத்தது. அதில் எனக்குக் குறை இல்லை. சாவி கொடுக்கும் நாளாக 2005 டிசம்பர் 26ஐக் குறித்தார்கள். முதலாம் ஆண்டு நிறைவு, புகைப்படம் பொருத்தமாக இருக்கும், தலைமையகத்திலிருந்து வருகிறவர்களுக்கு விமான டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. குப்பத்துக்குச் செய்தி சொல்லப் போனது நான். அங்கே ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, அன்றைக்குக் காலையில் நாங்கள் கடலில் பால் ஊற்றப் போகிறோம். சாவியை மறுநாளும் வாங்கிக்கொள்ளலாம். பாலை மறுநாள் ஊற்ற முடியுமா?"

அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். தேதியை மாற்ற முடியாது என்றார்கள். ஜனங்கள் விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டு, ஈரத் துணியோடு பந்தலுக்கு வந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். புகைப்படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று பின்னால் தலைமையகத்தில் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

சரி, செயலாளர் கேட்ட செய்திகளுக்கு வருகிறேன். 2025 இந்தத் துறைக்குக் கெட்ட ஆண்டு. ஜனவரி 20 அன்று அமெரிக்க வெளிநாட்டு உதவியைத் தொண்ணூறு நாள் நிறுத்தி உத்தரவு வந்தது. மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் நிறுவனத்தின் திட்டங்களில் நூற்றுக்கு 83ஐ ரத்து செய்துவிட்டதாக வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ சொன்னார். 1961இல் கென்னடி தொடங்கிய அந்த நிறுவனத்தின் கதை ஜூலை 1ஆம் தேதியோடு முடிந்தது. பிரிட்டன் தன் உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பணக்கார நாடுகள் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டது 1970இல். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 2024இல் அந்தக் கோட்டைத் தாண்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் என்ற நாலே நாடுகள். ஜூன் கடைசியில் ஸ்பெயினின் செவில் நகரில் வளர்ச்சி நிதி மாநாடு கூடியது. அமெரிக்கா அதிலிருந்து விலகிக்கொண்டது. அதே ஜூனில் ஐக்கிய நாடுகள் சபை, 4,400 கோடி டாலர் கேட்டிருந்த தன் வேண்டுகோளில், மிக மிக அவசரமானது மட்டும் என்று 2,900 கோடி டாலருக்குரியதைப் பிரித்தெடுத்தது. பசித்தவர்களின் எண்ணிக்கை குறைந்ததால் அல்ல.

இவற்றில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. ஃப்யூஸ் நெட் என்று ஒரு பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு 1985இல் அமெரிக்கப் பணத்தில் தொடங்கியது. சோமாலியாவுக்கு முன்கூட்டியே எச்சரித்தவர்களில் அவர்களும் உண்டு. நிதி நின்றதும் 2025 ஜனவரி கடைசியில் அவர்கள் இணையதளம் இருண்டது. பல மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தது. சோற்றை நிறுத்தினால் யாராவது கத்துவார்கள். பசியின் நாட்காட்டியையே சுவரிலிருந்து கழற்றிவிட்டால், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதே வெளியே தெரியாது.

சூடானில் போர் தொடங்கியது 2023 ஏப்ரல் 15. அங்கே அக்கம்பக்கத்து இளைஞர்கள் 'நஃபீர்' என்ற தங்கள் பழைய கூட்டுழைப்பு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவசர உதவிக் குழுக்களாகச் சேர்ந்து தெருவுக்குத் தெரு பொதுச் சமையல் நடத்தினார்கள். எந்தப் பெரிய நிறுவனமும் நுழைய முடியாத தெருக்கள் அவை. அமெரிக்கப் பணம் நின்றபோது நூற்றுக்கணக்கான அடுப்புகள் ஒரே வாரத்தில் அணைந்தன. வடக்கு டார்பூரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாம். 2024 ஆகஸ்டில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்ட இடம். 2025 ஏப்ரல் 11 முதல் 13 வரை, ராணுவத்தோடு போரிடும் துணைராணுவப் படையினர் அதைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். லட்சக்கணக்கானவர்கள் நடந்து வெளியேறினார்கள். அங்கே கடைசியாக இயங்கிக்கொண்டிருந்த மருத்துவ நிலையத்தின் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாள் கழித்து, போரின் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதற்காக ஏற்கெனவே குறித்துவைத்த தேதியில், லண்டனில் சூடான் மாநாடு கூடியது. பணம் அறிவித்தார்கள். கூட்டறிக்கை ஒன்றில் ஒத்துப்போக முடியாமல் கலைந்தார்கள். தர்பார் ஞாபகம் வருகிறதா உங்களுக்கு? எனக்கு வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மாநாடே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். பணம் கேட்கிற இடத்தில் நாற்காலி போட்டுத்தான் ஆக வேண்டும். எந்தத் தேதியில் போடுகிறோம் என்பதில்தான் என் வழக்கு.

தேதியைத் திருப்பிப் போட முடியும் என்பதற்கு வங்காளதேசத்தில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே பிரம்மபுத்திராவுக்கு ஜமுனா என்று பெயர். 2020 ஜூலையில், ஆற்று மட்டம் இன்ன அளவைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் பணம் தானாகவே விடுவிக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். யாரும் கூட்டம் கூட்டி விவாதிக்க வேண்டியதில்லை. ஜூலை முதல் வாரத்தில் முன்னறிவிப்பு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மத்திய அவசர நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் போனது. வெள்ளம் உச்சத்துக்கு வருவதற்கு முன்பே ஆற்றோரக் குடும்பங்களின் கைபேசிக் கணக்கில் குடும்பத்துக்கு ஏறத்தாழ 4,500 டாக்கா விழுந்தது. மாட்டுக்குத் தீவனம் கொடுத்தார்கள். விதையும் பத்திரமும் நனையாமல் போட்டுவைக்க மூடி போட்ட டிரம் கொடுத்தார்கள். டிரம் என்பது எவ்வளவு சின்னப் பொருள்! வெள்ளத்துக்கு மறுநாள் கொடுத்திருந்தால் அது தண்ணீர் பிடிக்கத்தான் ஆகியிருக்கும்.

செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அனுப்பிய தாளைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதாகச் சொன்னீர்கள். ஒட்டுவதற்கு முன் மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் சோமாலியாவின் கூ மழை. ஜூனில் டார்பூரின் மழை. ஓடைகள் பெருகி லாரி போகும் பாதைகள் அறுந்துபோகும், அதற்குள் தானியம் உள்ளே போயிருக்க வேண்டும். அக்டோபரில் தெய்ர். டாவோஸ் வரி இருக்கும் அதே அளவு எழுத்தில் எழுதினால் போதும்.

கேள்விகளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பின் வரிசையில் வெகுநேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் முதலில் கேட்கட்டும்.