சோற்றை நிறுத்தலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “டாக்டர் ஐயா, அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கு மாவுச்சத்தைக் குறைத்து, நேரில் பார்க்காமல் போன் வழியாகவே சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறார்களாமே? என் அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர்தான். அவரைச் சோற்றை நிறுத்தச் சொல்லலாமா?”

முதலில் அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்றே ஓர் அரசுத் துறை இருக்கிறது. ஆஸ்பத்திரிகளையும் அதுவே நடத்துகிறது. அங்கே சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். வியட்நாம் போரில் காட்டின் இலைகளை உதிர்க்க ஏஜென்ட் ஆரஞ்சு என்ற ரசாயனத்தைத் தெளித்தார்கள் அல்லவா, அங்கே பணி செய்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தால், அது போர்ப்பணியால் வந்ததென்று 2001 முதல் அரசே ஏற்றுக்கொள்கிறது. இவர்களில் நிறையப் பேர் கிராமத்துக்காரர்கள். ஒவ்வொரு முறையும் டாக்டரைப் பார்க்க நெடுந்தூரம் வண்டி ஓட்டுவது வயதானவர்களுக்கு லேசான காரியமா? 2019இல் விர்ட்டா ஹெல்த் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து 400 பேருக்கு இந்த ஏற்பாட்டைத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பே இண்டியானா மாநிலத்து லஃபாயெட் ஊரில், டாக்டர் சாரா ஹால்பெர்க் இதே முறையை 262 பேரிடம் செய்து பார்த்திருந்தார். ஓராண்டு முடிவு 2018இல் வந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 7.6 சதவீதத்திலிருந்து 6.3க்கு இறங்கியது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு அளவு குறைந்தது, இல்லை அடியோடு நின்றது. ஒன்றை மறைக்கக் கூடாது. இவர்கள் தாங்களாகவே விரும்பி வந்து சேர்ந்தவர்கள். அதனால் எல்லோருக்கும் இதே பலன் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, நேரில் பார்க்காமல் எப்படி? காலையில் விரல் நுனியில் ஒரு குத்து. அந்த ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாவுச்சத்து குறையும்போது உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்குகிற கீட்டோனும் பார்க்கிறார்கள். எடை மெஷினில் ஏறி நின்றால் எடை தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பக்கம் தினமும் விசாரிக்க ஒரு பயிற்சியாளர், மருந்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டாக்டர். ஆரம்பத்தில் மாவுச்சத்து ஒரு நாளைக்கு 30 கிராமுக்குள். நம் வீட்டு ஒரு கப் சாதத்திலேயே சுமார் 45 கிராம் இருக்கிறது. அப்படியென்றால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள். அவ்வளவு மாற்றுகிறபோது, எனக்குப் பிடித்த அந்த விஷயம் வருகிறது. என் பதில்களை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்: கிளி மாத்திரைகள், அதாவது பெயர் ‘கிளி’ என்று தொடங்குகிற சர்க்கரை மாத்திரைகள். கிளிமிபிரைட், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று இவை பார்ப்பதில்லை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை இறக்கிக்கொண்டே இருக்கும்.

முன்பும் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். ஒரு பெரியவர், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ சொன்னார்கள் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு முட்டையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டார். கிளிமிபிரைட் மட்டும் வழக்கம்போல. மூன்றாம் நாள் விடிகாலையில் அவர் மனைவி காபியோடு போய் எழுப்பினால், பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி வேர்த்திருக்கிறது. வாய் குழறுகிறது. பக்கவாதம் என்று பயந்து ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மீட்டரில் சர்க்கரை வெறும் 44. குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து, “என் செருப்பு எங்கே?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, அதுவரை அழவே இல்லை.

அவர் சாப்பிட்டதில் தப்பே இல்லை. மாத்திரையைக் குறைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். லஃபாயெட் ஆய்வில் உணவை மாற்றத் தொடங்கும்போதே கிளி மாத்திரைகளைக் குறைத்தார்கள், நிறுத்தினார்கள். ஓராண்டு முடிவில் ஒருவர்கூட அதைச் சாப்பிடவில்லை. மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள், அது தனியாக இருந்தால் சர்க்கரையை இப்படிப் பாதாளத்துக்குத் தள்ளுவது அபூர்வம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற, பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரைகள் வேறு கதை. மாவுச்சத்தை அடியோடு குறைத்துக்கொண்டு அவற்றையும் சாப்பிட்டால், மீட்டரில் சர்க்கரை கிட்டத்தட்ட சரியாகவே தெரியும், ரத்தம் மட்டும் அமிலமாகிவிடலாம். அப்புறம் பிரஷர் மாத்திரை. எடையும் உப்பும் இறங்க இறங்க, எழுந்து நிற்கும்போது கண்ணைக் கட்டும். அதையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

அதனால்தான் தம்பி, சோற்றை நிறுத்தலாமா என்பதைவிட, நிறுத்துகிற அன்றைக்கு அப்பாவின் மாத்திரையை யார் குறைப்பார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். பட்டாளத்துக்காரர் என்கிறீர்கள். நிறுத்து என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுவார், எனக்கு அதுதான் பயம். இன்று ராத்திரி அவர் வழக்கம்போலவே சாப்பிடட்டும். அவருடைய மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள். இன்சுலின் போடுகிறாரா, சிறுநீரகப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது, இரண்டையும் எனக்கும் எழுதுங்கள்.