ஒரு சொம்பு தண்ணீரும் பழைய மாருதி 800-இன் சிவப்பும்

[காட்சி: வெளிறிய பானெட், மிக அருகில். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றப்படுகிறது.]

இந்த பானெட் என்ன நிறம் என்று சொல்லுங்கள் பார்ப்போம். ரோஸா, காவியா என்று எனக்கே குழப்பம். இப்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். தண்ணீர் பட்ட இடம் மட்டும் தக்காளிப்பழம் மாதிரி சிவந்துவிட்டது, பாருங்கள். காய்ந்ததும் மறுபடி வெளிறிவிடும். பரவாயில்லை, நமக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நிறம் உள்ளே இருக்கிறது. மேல்தோல்தான் கெட்டிருக்கிறது.

வண்டி 1999 மாடல் மாருதி 800, என் சித்தப்பாவுடையது. திருச்சியில் இருபது வருடத்துக்கு மேல் வாசல் வெயிலில் நின்றது. முழுசாக பெயின்ட் அடிக்க ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகைக்கு இதே மாதிரி இன்னொரு பழைய 800 வாங்கிவிடலாம். அதனால் நாமே கையால் தேய்த்துப் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: பானெட்டில் விரலால் ஒரு கோடு. விரல் நுனியில் சிவப்புத் தூள்.]

சிவப்பு வண்டிக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? பக்கத்து வீட்டு வெள்ளை வண்டியும் இதே வெயிலில்தான் நிற்கிறது. வெள்ளை பெயின்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற கனிமப் பொடி. வெயிலுக்கு அது அசையாது. கார்களுக்கு அடிக்கும் பளிச் சிவப்பு பெரும்பாலும் கரிமச் சாயம். நீலத்தையும் பச்சையையும் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புவதால்தான் அது சிவப்பாகத் தெரிகிறது. விழுங்கியது ஆற்றல் அதிகமுள்ள ஒளி. புற ஊதாக்கதிரும் சேர்ந்துகொள்ள, சாயம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினும் உலர்ந்து சுண்ணாம்பு மாதிரி பொடியாகிறது. விரலில் ஒட்டியிருப்பது அந்தப் பொடிதான். மேடுபள்ளமான இந்தப் பரப்பில் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் வெளிறித் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் பள்ளங்கள் நிரம்பி, நிறம் திரும்பி வருகிறது.

பாலிஷ் போட்டால் பளபளப்பு வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். கெட்டுப்போன மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் நல்ல பரப்பை வெளியே காட்டுகிறோம். சீவியது திரும்பி வராது. கம்பெனியில் அடித்த பெயின்ட், அதற்கு அடியில் பூசும் ப்ரைமர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதிலும் மேலே இருக்கும் நிற அடுக்கு ஒரு தலைமுடி கனம்கூட வராது. ஒவ்வொரு பாலிஷும் இந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு.

[காட்சி: பானெட்டின் ஓரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவில் சாம்பல் நிறத் திட்டு.]

சந்தேகமிருந்தால் இந்தத் திட்டைப் பாருங்கள். போன வாரம் அவசரத்தில் நான் செய்த வேலை. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லிசாகத்தான் பிடித்திருக்கும். அங்கே அழுத்தித் தேய்த்தேன், ப்ரைமர் வெளியே வந்துவிட்டது. இப்போது எல்லா ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

அடுத்து ஒரு சின்ன சோதனை. வெள்ளைத் துணியில் ஒரு துளி பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத மூலையில் தேய்க்க வேண்டும். துணி சிவந்தால் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும் பழைய வகை பெயின்ட். வெள்ளையாகவே இருந்தால் மேலே நிறமற்ற கிளியர் கோட் இருக்கிறது. பானெட், டாப், முன் கதவுகள் எல்லாவற்றிலும் துணி சிவந்தது. இடது பின் கதவில் மட்டும் சிவக்கவில்லை. அந்தக் கதவுக்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் வண்டியில் கிளியர் கோட் வெயிலில் உரிந்த தோல் மாதிரி செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால், இந்த வீடியோவை இங்கேயே நிறுத்திவிடலாம். அதை எந்த பாலிஷும் சரிசெய்யாது, பெயின்ட்தான் வழி.

[காட்சி: காலை வெளிச்சம், நிழலில் வண்டி, இரண்டு பக்கெட்.]

சரி, வேலைக்கு வருவோம். காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். தகரம் கையில் சுடக்கூடாது. ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். இல்லையென்றால் துணியில் ஏறிய மணலே வண்டியைக் கீறும். தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுகிறோமே, வெயிலில் தெரியும் சிலந்திவலைக் கீறல்கள் பெரும்பாலும் அதனால் வந்தவை. தூசி படிந்த கார் கவர் காற்றில் அடித்துக்கொள்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

போர் தண்ணீரின் உப்புக்கறை போகவில்லையா? வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு நிமிடம் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள்.

கழுவிய பிறகு கையில் ஒரு பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத நறநறப்பு இப்போது தெரியும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற வண்டியென்றால் கேட்கவே வேண்டாம். இதை எடுக்க கிளே பார் என்று களிமண் மாதிரி ஒன்று விற்கிறது. ஷாம்பு தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் வழுக்கி இழுத்தால் அழுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வரும். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய மணல் போகாது.

[காட்சி: நடுவில் டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்த பானெட்.]

இனி தேய்க்கும் வேலை. கடையில் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் என்று மூன்று டப்பா தருவார்கள். காம்பவுண்ட் கொரகொரப்பாக நன்றாகச் சீவும், பாலிஷ் மென்மையாகச் சீவும், வாக்ஸ் சீவவே சீவாது. எடுத்தவுடன் காம்பவுண்டைத் தொடாதீர்கள். பாலிஷை முதலில் ஓர் அடி சதுரத்தில் போட்டுப் பாருங்கள். அது போதுமென்றால் அதோடு விட்டுவிடலாம். இந்த பானெட்டுக்குப் போதவில்லை, அதனால் காம்பவுண்ட். ஸ்பாஞ்ச் பேடில் நாலு சொட்டு. இரண்டடிக்கு இரண்டடி இடம். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில், இரண்டு மூன்று நிமிடம். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பேடில் சிவப்பு ஏறுவதைப் பார்த்து பயப்பட வேண்டாம். பேட் அடைத்துக்கொண்டால் மாற்றுங்கள். மறுபடி எப்போது பாலிஷ் போட வேண்டும் என்பதற்கு தேதி பார்க்கத் தேவையில்லை, இதே சொம்புச் சோதனை சொல்லிவிடும்.

பானெட்டுக்கு மட்டும் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. மெஷின் வாங்குவதாக இருந்தால் டூயல் ஆக்‌ஷன் வகை வாங்குங்கள். சுழன்றுகொண்டே அலைவதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. டிரில்லில் பேட் மாட்டி ஓட்டும் வித்தை மட்டும் வேண்டாம். ஒரே இடத்தில் சுழன்று பெயின்டையே எரித்துவிடும்.

காம்பவுண்டுக்குப் பிறகு பாலிஷ், கடைசியில் வாக்ஸ். வாக்ஸை மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தெடுங்கள். நம் ஊர் வெயிலில் அது ஒன்றிரண்டு மாதம்தான் தாங்கும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி பூசுங்கள். அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம், வாக்ஸ் பெயின்டைச் செலவழிக்காது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் துடைப்பு எல்லாம் ஒரு நாள் மினுங்கும், மறுநாள் தெருத் தூசி முழுவதையும் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளும்.

[காட்சி: டேப் உரிக்கப்படுகிறது. ஒரு பாதி ரோஸ், மறுபாதி சிவப்பு. கேமரா மெதுவாக வண்டியின் இடது பக்கம் போகிறது.]

இப்போது அந்தப் பின் கதவு. முன் கதவு நல்ல சிவப்பு. பின் கதவு அதைவிடக் கொஞ்சம் கருஞ்சிவப்பு, கிளியர் கோட்டோடு. எல்லாமே தூசியும் வெளிறலுமாக இருந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "இந்த வண்டியை நான் ஒரு இடத்துல கூட இடிச்சதில்லடா" என்று சித்தப்பா இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அது உன் சித்தி ரிவர்ஸ் எடுத்தது" என்றார்.

[காட்சி: வாசல்படியில் சித்தி, முறைத்தபடி.]