அடக்குவதும் பழக்குவதும்

தருமபுரி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருஷமாகக் குதிரை வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சவாரியும் சொல்லிக்கொடுக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "முரட்டுக் குதிரையா, எப்படி அடக்கினீங்க?" என்பதுதான். அந்த 'அடக்குறது' என்ற வார்த்தையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் சீமைக்குக் குதிரை புதிசு இல்லை. இந்தப் பக்கத்து நடுகற்களில் குதிரை மேல் உட்கார்ந்த வீரர்களைப் பார்க்கலாம். ஓசூரை ஒட்டி மத்திகிரியில் இப்போது கால்நடைப் பண்ணை இருக்கிறதே, அது 1824-இல் கம்பெனிப் படைக்குக் குதிரை வேண்டும் என்று ஆரம்பித்த இடம். ஆனால் ஜட்கா வண்டி போன பிறகு, குதிரையோடு தினமும் பழகும் பழக்கம் நம்மிடம் விட்டுப்போய்விட்டது. கேள்விப்பட்டது மட்டும் மிச்சம்.

கேள்விப்பட்டதில் முதலாவது கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் ஊரில் மனுஷனுக்கே சொல்வோம், குதிரைக்குக் கேட்கவே வேண்டாம். புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் காலையில் ஒரு படி, சாயங்காலம் ஒரு படி என்று கொட்டிவிட்டுப் புல்லைக் கண்ணில் காட்டுவதில்லை. குதிரைக்கு அடிப்படை உணவு புல்தான். முந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த புல்லாவது வயிற்றுக்குள் போக வேண்டும், கொள்ளு அதற்கு மேல் உழைப்புக்குத் தகுந்தபடி, ஊறவைத்தோ வேகவைத்தோ, கொஞ்சமாக. மாட்டைப் போல நான்கு அறை வயிறு அதற்குக் கிடையாது, அசைபோடவும் போடாது. இரைப்பை உடம்பைப் பார்த்தால் ரொம்பச் சின்னது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். அதனால்தான் வெளியில் விட்டால் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கிறது. முக்கியமான இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தானியம் அதிகமாகி உள்ளே புளித்து வாயு கட்டினால் வெளியே போக வழியில்லை, அந்த வயிற்றுவலியிலேயே செத்துப்போன குதிரைகள் எத்தனையோ. தரையைக் காலால் பிறாண்டுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து உருளுவது, சாணி போடாமல் இருப்பது, இதில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், மருந்தை வாயில் ஊற்றாதீர்கள், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குத் தினமும் கொஞ்ச நேரமாவது படுத்தே ஆக வேண்டும். கட்டிப்போடுகிற இடத்தில் படுக்க இடம் விடுங்கள். லாடம் அடித்தால் வலிக்குமா என்றும் கேட்கிறார்கள். குளம்பின் ஓரம் நம் நகம் மாதிரி, சரியான இடத்தில் ஆணி இறங்கினால் வலி தெரியாது. ஆனால் குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். சுழி பார்த்து வாங்குவதைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: சுழி பார்க்கிற நேரத்தில் பாதியைக் குளம்பைப் பார்க்கச் செலவு செய்யுங்கள்.

சரி, அடக்குவதற்கு வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கினேன். மல்லி என்று பெயர் வைத்தோம். லகானைத் தொட்டால் தலையை வீசும், எங்கள் தோட்டத்து வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் தாண்டாது. பார்த்தவர்கள் எல்லாம் திமிர் என்றார்கள், கடிவாளத்தை இறுக்கு என்றார்கள். நானும் இரண்டு மாதம் இறுக்கினேன், சவுக்கும் எடுத்தேன். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. கடைசியில் ஒரு மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார், மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கத்தி மாதிரி கூர்ந்து கன்னத்தைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது. குதிரைக்கு ஆயுள் முழுக்கப் பல் மேலே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேயவும் செய்யும், தேயாத ஓரம் கூராகும், அதை வருஷம் ஒரு தடவையாவது பார்த்து அரத்தால் ராவிவிட வேண்டும். சந்தையில் பல்லைப் பிடித்து வயசு பார்த்த நான் அந்தப் புண்ணைப் பார்க்கவில்லை. பல்லை ராவி, புண் ஆறியதும் தலை வீசுவது நின்றது.

வாய்க்கால் மட்டும் பாக்கி. அது பயம். குதிரை இன்னொன்றுக்கு இரையாக வாழ்ந்த பிராணி, ஓடித் தப்பித்த குதிரையின் வம்சம்தான் இன்றைக்கு நம் முன்னால் நிற்கிறது. கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் தெரியாது. தலையைத் தாழ்த்தி மோந்து பார்த்தால்தான் காலடியில் இருப்பது என்னவென்று புரியும். நாமோ அந்த நேரத்தில்தான் லகானை இழுத்துத் தலையைத் தூக்குகிறோம்.

அப்புறம், அது நம்மையும் படிக்கிறது. பெர்லினில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்து 1907-இல் எழுதினார்: கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்கிறவர் உடம்பில் தன்னையறியாமல் நடக்கும் துளி அசைவைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற பிராணியிடம் போய்ச் சவுக்கைச் சுழற்றுகிறோம். கல்யாணத்தில் மேளத்துக்கு ஆடுகிற குதிரை சந்தோஷத்தில் ஆடுவதாக நினைக்காதீர்கள், கடிவாளமும் குச்சியும் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது. முள் வைத்த கடிவாளம் போட்டிருந்தால், அதை மத்திய அரசின் 1965-ஆம் வருஷத்து விதிகளே தடை செய்திருக்கின்றன, தைரியமாகக் கேளுங்கள்.

பழக்குவதன் சூட்சுமம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. கயிற்றை லேசாக இழுத்துப் பிடிக்கிறோம், குதிரை ஒரு அடி முன்னால் வைக்கிறது, அந்த நொடியே கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்ந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது. பின்னால் போகும்போது நாம் பயந்து விட்டுவிட்டால், பின்னால் போவதுதான் சரி என்று நாமே பாடம் எடுத்த மாதிரி. தப்புச் செய்து அரை நிமிஷம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்றே அதற்குத் தெரியாது, அடித்த ஆளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

மல்லியை மறுபடி வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன், தினமும் சாயங்காலம், இருபது நிமிஷம். முதல் நாள் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டது, அங்கேயே கயிற்றைத் தளர்த்திப் புல் மேயவிட்டுத் திரும்பினோம். மறுநாள் ஒன்பதடி. ஒரு வாரம் ஆனபோது கரையில் நின்று தலையைத் தாழ்த்தித் தண்ணீரை மோந்து பார்த்தது, புர்ரென்று மூச்சு விட்டது, பின்வாங்கியது, மறுபடி மோந்தது. நான் எதுவும் செய்யவில்லை, கயிற்றைத் தொங்கவிட்டு நின்றேன். பன்னிரண்டாம் நாள் முன்னங்கால் ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்து, குழந்தை மாதிரி நாலு தடவை தட்டித் தட்டித் தெறிக்கவிட்டு, அப்படியே நடந்து அக்கரைக்குப் போய் என்னைத் திரும்பிப் பார்த்தது. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் ஏறி உட்காருவது மல்லி மேல்தான்.

கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.