மாற்றுச் சிறுநீரகமும் உடலின் நினைவும்

அவைத் தலைவர் அவர்களே, மருத்துவத் துறை நண்பர்களே, டயாலிசிஸ் சிகிச்சையில் இருப்போரின் குடும்பத்தாராக இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சிறுநீரகம் தர முன்வரும் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரத்த குரூப்தான் சேர்ந்துவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை டெஸ்ட்?" ரத்த வகை முதல் நிபந்தனை மட்டுமே. தருபவரின் திசு பெறுபவரின் திசுவோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதையும், பெறுபவரின் உடல் அந்தத் திசுவை இதற்கு முன்பே சந்தித்திருக்கிறதா என்பதையும் அதன் பிறகு பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றுள் இரண்டாவதைப் பற்றி நம் குடும்பங்களில் யாரும் பேசுவதில்லை. ஆகவே அதைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறேன்.

நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் உள்ளன. இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருப்பதால், தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாகப் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதிப் பொருத்தம் இருப்பதும், உடன்பிறந்தோர் இருவருக்கு முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பதும் இதனால்தான். உயிரணுவுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால் அதன் துணுக்கை வெளியே ஏந்திக் காட்டி, டி-அணுக்கள் எனப்படும் காவல் வெள்ளையணுக்களுக்குத் தெரிவிப்பதே இப்புரதங்களின் அன்றாடப் பணி. அயலார் சிறுநீரகத்தை உடல் எதிர்ப்பது அதே காவலின் தொடர்ச்சிதான். உடல் தவறு செய்கிறது என்று அதை எண்ணக் கூடாது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரி குழுவினர் செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், தந்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் என்பதே. ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டி, அது நிலைத்ததைப் பார்த்த பிறகே அவர்கள் கத்தியை எடுத்தார்கள்.

உடலுக்கு நினைவு உண்டு என்பதை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது, கிளாஸ்கோ மருத்துவமனையில் கண்டார்கள். தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோல் துண்டுகளை ஒட்டினார்கள். அவை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு அழிந்தன. சுமார் இரண்டு வாரம் கழித்து அதே சகோதரரிடமிருந்து எடுத்து ஒட்டிய இரண்டாம் தொகுதி, முதல் தொகுதியைவிட வெகு விரைவாக அழிந்தது. தாமஸ் கிப்சன், பீட்டர் மெடாவர் ஆகிய இருவரும் 1943-இல் இதை எழுதி, திசு நிராகரிப்பு என்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் செயல் என்ற முடிவை நோக்கி நகர்ந்தார்கள். தோல் அதே தோல்தான். ஏற்கும் உடல்தான் இதற்குள் அதை அறிந்துகொண்டிருந்தது.

தாய்மார்கள் இனி வருவதைக் கவனித்துக் கேட்க வேண்டுகிறேன். கருவிலுள்ள குழந்தையின் திசு அடையாளங்களில் பாதி தந்தையுடையவை. கர்ப்ப காலத்திலும், குறிப்பாகப் பிரசவத்தின்போதும், குழந்தையின் அணுக்கள் சில தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுக்கு எதிராகச் சில தாய்மார்களின் உடலில் எதிர்ப்பொருள்கள், அதாவது அயல் அணுக்களைப் பற்றித் தாக்கும் ரத்தப் புரதங்கள், உருவாகின்றன. பல பிள்ளைகள் பெற்ற பெண்களின் ரத்தத்தில் இவற்றை அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் நெதர்லாந்தில் யோன் வான் ரூடும் 1950-களின் இறுதியில் கண்டறிந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இதனால் அன்று எந்தத் தொல்லையும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகி, கணவர் மனமுவந்து தம் சிறுநீரகத்தைத் தர வரும்போதுதான், அந்த உடல் கணவரின் திசுவை முன்பே அறிந்து வைத்திருப்பது வெளிப்படுகிறது. நம் நாட்டில் உயிரோடிருக்கும்போதே சிறுநீரகம் தருவோரில் பெண்களே மிகுதி, பெறுவோரில் ஆண்களே மிகுதி. கொடுத்துப் பழகிய பெண் பெற வேண்டிய நாளில், அவர் பிள்ளை பெற்றதே தடையாக நிற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

இந்த நினைவைக் கண்டறியும் சோதனையே கிராஸ்மேட்ச். தருபவரின் வெள்ளையணுக்களைப் பெறுபவரின் சீரத்தோடு, அதாவது அணுக்கள் நீக்கிய ரத்த நீரோடு கலந்து, எதிர்ப்பொருள் ஒட்டிய அணுக்களைக் கொல்லும் நிரப்புப் புரதம் சேர்த்து, சாயம் இட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் செத்துச் சாயத்தை உறிஞ்சிவிடும். 1969-இல் படேல், டெராசாகி இருவரும் வெளியிட்ட கணக்கு இன்றும் என்னை உலுக்குகிறது: இச்சோதனையில் எதிர்ப்பு தெரிந்தும் மாற்று நடந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது, எதிர்ப்பு தெரியாத 195 பேரில் அப்படி ஆனது எட்டுப் பேருக்கே. இத்தகைய நிராகரிப்பில், இடுக்கியை விடுவித்து ரத்தம் பாய்ந்ததும் இளஞ்சிவப்பாகப் பூரிக்கும் சிறுநீரகம், அறுவை மேசையிலேயே சில நிமிடங்களில் நீலம் பாரித்துத் தொய்ந்துவிடும்.

நிராகரிப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் வந்த பிறகு, பாதிப் பொருத்தமுள்ள சிறுநீரகமும், பொருத்தமே இல்லாத கணவன் மனைவியின் சிறுநீரகமும்கூட நல்லபடி இயங்குகின்றன. ஆனால் அவை முக்கியமாக டி-அணுக்களையே அடக்குகின்றன. ரத்தத்தில் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கும் எதிர்ப்பொருளை அவற்றால் அகற்ற முடியாது. ரத்த நீரை மாற்றி எதிர்ப்பொருளை அகற்றும் பிளாஸ்மா மாற்றம் போன்ற சிகிச்சைகள் அதற்கு உண்டு என்றாலும், செலவும் ஆபத்தும் கூடுதல்.

எனவே, மாற்றுக்காகக் காத்திருப்பவருக்கு ரத்தசோகை என்றதும் "இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடுங்கள்" என்று நீங்களாக வற்புறுத்தாதீர்கள். ஏற்றும் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களும் இதே எதிர்ப்பொருளைத் தூண்டக்கூடும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச் சத்தும் போதுமா என்று முதலில் கேளுங்கள். உயிர் காக்க ரத்தம் தேவை என்று மருத்துவர் சொன்னால் மறுக்கவும் வேண்டாம். எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்று கேட்கும்போது, கலைந்த கருவையும் மறைக்காமல் சொல்லுங்கள்; மாமியார் எதிரில் சொல்ல முடியாதென்றால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கணவரின் சிறுநீரகம் பொருந்தாது என்று முடிவாகிவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 2011-இல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம், இப்படிப் பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ள இடம் தருகிறது: இவருடைய கணவர் அந்த வீட்டு நோயாளிக்குத் தருவார், அந்த வீட்டவர் இவருக்குத் தருவார். ஒரு மருத்துவமனையின் பட்டியலுக்குள் மட்டும் தேடினால் இத்தகைய இணை கிடைப்பது அரிது. பல மருத்துவமனைகள் தங்கள் பட்டியல்களை ஒன்றாக வைத்துத் தேடினால், எதிர்ப்பொருள் மிகுந்த பெண்களுக்கும் வாய்ப்புக் கூடும். இந்த அவையிலிருக்கும் மருத்துவ நண்பர்களிடம் நான் கேட்பது அதைத்தான்.