ஆறாம் வகுப்பில் வந்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரம் வரை எழும்பிப் போகாமல் இருக்கிற சபையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் இரண்டு பாடசாலைகளை எங்கள் முன் வைத்தார். ஒன்று யாழ்ப்பாணப் பட்டினத்துத் தேசியப் பாடசாலை, மற்றது நெடுந்தீவுப் பக்கத்து மகா வித்தியாலயம். இரண்டும் அரசாங்கப் பாடசாலை, பாடத்திட்டம் ஒன்று, இலவசப் பாடநூலும் ஒன்று. ஆனால் பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் ஒன்றில் 9 ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, குவிகிறது, மற்றதில் கணிதம் சித்தியடைவதே பெரும்பாடு. ஆகவே முன்னது நல்ல பாடசாலை, பின்னது கூடாத பாடசாலை என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டு இருந்தார். நடுவருக்கு வேலை மிச்சம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த இரண்டு பாடசாலைக்கும் ஆறாம் வகுப்பில் வந்தது யார்?

ஐந்தாம் வகுப்பில் எழுதுகிற புலமைப்பரிசில் பரீட்சைக்கு மொத்தம் 200 புள்ளி. பட்டினத்துப் பாடசாலைக்கு வெளியிலிருந்து ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வருவதென்றால் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். தீவகத்துப் பாடசாலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கேற்றடிக்கு வந்த பிள்ளை எல்லாம் உள்ளே. அங்கே ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை நல்ல புள்ளி எடுத்தால் என்ன நடக்கும்? அதிபர் மாலை போடுவார், படம் எடுப்பார்கள், மதிலில் பதாகை கட்டுவார்கள். பதாகை வெயிலில் வெளுக்க முதல் தகப்பன் விடுகைப் பத்திரம் கேட்டு வந்து நிற்பார். பிழை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் ஆறு வருடம் கழித்து அதே பிள்ளையின் 9 ஏ பட்டினத்து மதிலில் தொங்கும். ‘அ’னா எழுதப் பழக்கிய ரீச்சரின் பாடசாலையை அன்றைக்குக் ‘கூடாத பாடசாலை’ என்று இங்கே மேடையில் பேசுவோம்.

சுகதேகிகளை மட்டும் வார்டில் சேர்த்துவிட்டு, ‘எங்கட ஆஸ்பத்திரியில ஒருத்தரும் சாகிறேல்லை’ என்று வாசலில் பலகை போட்டால் சிரிப்பீர்களா இல்லையா?

‘வசதி இரண்டுக்கும் ஒன்றுதானே’ என்றும் எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, தேசியப் பாடசாலை கொழும்பு அமைச்சின் கீழ், மற்றது மாகாண சபையின் கீழ். அதை விடுங்கள், ஒரு நாளை மட்டும் பாருங்கள். பட்டினத்தில் ஒன்றரைக்கு மணி அடித்தால் பிள்ளை சைக்கிளை மிதித்து நேரே ரியூசனுக்குப் போகும். 9 ஏயில் பாதி பாடசாலையினதா ரியூட்டரியினதா என்று இன்னொரு பட்டிமன்றமே வைக்கலாம். நெடுந்தீவில் கணித வாத்தியாரே விடிய பஸ் பிடித்து, குறிகட்டுவான் துறையில் படகேறி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் வர வேண்டும். சோளகக் காற்று தூக்கி அடித்தால் படகு இல்லை. படகு இல்லாவிட்டால் அன்றைக்குக் கணிதமும் இல்லை. அந்தப் பிள்ளை பின்னேரம் படகேறி ரியூசனுக்குப் போய் இரவைக்கு வீடு திரும்புமா?

எண்ணிக்கையையும் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் தோற்றும் பாடசாலையில் ஒருவர் தவறினால் பத்து வீதம் விழுந்துவிடும். இருநூறு பேர் தோற்றும் இடத்தில் அதே ஒருவர் அரை வீதம். இந்த வீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எதிரணி வாதாடுகிறது.

பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் வேண்டும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டம் என்றவுடன் முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. எழுபதுகளில் பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் தந்த காயம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாவட்டக் கணக்கிலும் நெடுந்தீவுப் பிள்ளையும் நல்லூர்ப் பிள்ளையும் ஒரே யாழ் மாவட்டம். இடையில் கிடக்கிற கடல் எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கசக்கும். 1930ஐ ஒட்டி, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் சம ஆசனம் என்றபோது இதே மண்ணில் பாடசாலைகள் கொளுத்தப்பட்டன. இன்றைக்கு ஒருவரும் வாங்கைப் பிரிப்பதில்லை. வசதியும் வாகனமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பட்டினத்துக்குப் போகிறார்கள், கூலி வேலைக்கும் கடலுக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையில் மிஞ்சுகிறார்கள். வாங்கு பிரியவில்லை, பாடசாலையே பிரிந்துவிட்டது. கிராமத்தில் படிப்பிக்கிற ஆசிரியர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையைத் தாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் விட்டிருக்கிறார்கள்? கை உயர்த்த வேண்டாம், சபையில் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

‘அப்படியானால் ஊர்ப் பாடசாலை என்ன செய்தாலும் சரியோ?’ என்பார் அடுத்து வரும் எதிரணி நண்பர். இல்லை. ஒழுங்காக வராத ஆசிரியரையும், அதைக் கண்டும் காணாத அதிபரையும் காப்பாற்ற நான் இங்கே வரவில்லை. பட்டினத்து ஆசிரியர்களின் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் அணி கேட்பது சரியான அளவுகோல். புலமைப்பரிசில் பரீட்சையை நடத்துவதும் சாதாரண தரப் பரீட்சையை நடத்துவதும் ஒரே பரீட்சைத் திணைக்களம். ஐந்தாம் ஆண்டில் 90 எடுத்த பிள்ளை பட்டினத்தில் எங்கே போய் நின்றது, தீவகத்தில் எங்கே போய் நின்றது? 150 எடுத்த பிள்ளை இரண்டு இடத்திலும் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது? இரண்டு பெறுபேற்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரணி வாதாடட்டும். அப்போது தீவகத்துப் பாடசாலை தோற்றால் நானே எழும்பி ஒப்புக்கொள்வேன்.

மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.