முதன்முதலாகக் கணினி பூட்டுவோருக்கு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் பல வருடங்களாகக் கணினி திருத்தி வருபவன் என்ற முறையில், பாகம் பாகமாக வாங்கித் தம் கையாலேயே கணினியைப் பூட்ட விரும்புவோருக்குச் சில விடயங்களைச் சொல்லுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். பூட்டுவது பெரிய வித்தை அன்று. ஒரு நட்சத்திர ஸ்குரூ ட்ரைவரும் அவசரமில்லாத ஒரு பிற்பகலும் போதும். என் மேசைக்கு வரும் பழுதுகளில் பூட்டும்போது நேர்ந்தவை குறைவு. வாங்கும்போதே செய்த பிழைகளும், வீட்டு மின்சாரத்தால் வந்த சேதங்களுமே அதிகம். ஆகவே அவற்றைப் பற்றியே கூடுதலாகப் பேசப்போகிறேன்.

கொழும்புக்கும் நமக்கும் இடையில் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது. பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் வாங்குகிற கொழும்புவாசி, பாகம் பொருந்தாவிட்டால் மறுநாளே கடைக்குப் போய் மாற்றிக்கொள்வார். களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்துகொண்டு பார்சலில் எடுப்பித்தவருக்கு அது ஒரு வாரத்து அலைச்சல். எனவே பணம் அனுப்புவதற்கு முன்பே, எந்தப் பாகம் எதனோடு சேரும் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

முதலில், கணக்குகளைச் செய்யும் புரொசஸரும், எல்லாப் பாகங்களும் ஏறும் பலகையான மதர்போர்டும். ஏஎம்டி நிறுவனத்தின் புரொசஸர்களுக்கான ஏஎம்4 வகைச் சொக்கெட், அதாவது புரொசஸர் அமரும் இடம், உள்ள பலகையில் டிடிஆர்4 வகை ராம் (தற்காலிக நினைவகம்) மட்டுமே ஏறும். 2022இல் வந்த ஏஎம்5 வகையில் டிடிஆர்5 மட்டுமே ஏறும். இன்டெலின் 12ஆம் தலைமுறைக்கான பலகைகளிலோ இரண்டு வகையும் உண்டு. பெயரில் ஓர் எழுத்து வித்தியாசத்தில் ராம் மாறிவிடும். இரண்டு வகை ராம்களின் அடியிலுள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், அழுத்தினாலும் ஏறாது. அழுத்துகிறவருடைய பலகைதான் முறியும். சொக்கெட் பொருந்தினாலும் போதாது. ஏஎம்4 வகையிலேயே பி450 போன்ற பழைய பலகையில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 போன்ற புதிய புரொசஸரைப் போட்டால், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பலகையின் பயோஸ் பழையதாக இருக்கும்வரை கணினி உயிர்பெறாது. பயோஸைப் புதுப்பித்து அனுப்பும்படி கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் வந்தாறுமூலையிலிருந்து ஒரு மாணவர் புதிய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன, திரையில் மட்டும் படம் இல்லை. அவர் வாங்கிய இன்டெல் புரொசஸரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தது. படம் காட்டும் பகுதி அதற்குள் இல்லை என்பதே அந்த எழுத்தின் பொருள். படம் காட்டும் தனிப் பாகமான கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கலாம் என்று நினைத்திருந்த அவருக்கு, அதுவரை அந்தக் கணினி வெறும் பெட்டிதான். ரைசன் 5 5600 உம் அப்படியே. 5600ஜி என்றால் படம் வரும்.

பழைய பாகங்களை வாங்குவது குற்றமில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் 2022 செப்டெம்பரில் எதீரியம் என்னும் மின்னியல் நாணயத்தைக் கணினியில் தோண்டி எடுக்கும் முறை நின்றபோது, இரவு பகலாக ஓடிக் களைத்த கிராபிக்ஸ் கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் துடைத்துப் புதிதுபோல் ஆக்கப்பட்டவையும் உண்டு. அரை மணிநேரமாவது பாரம் கொடுத்து ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். நிறுவனங்களின் சர்வர் கணினிகளிலிருந்து கழற்றிய இன்டெலின் பழைய ஸியோன் புரொசஸரைப் பெயரறியாத பலகையோடு மலிவாகத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தப் பழைய ஸியோன்களை ஏற்பதில்லை என்பதை அறிந்தே வாங்குங்கள்.

இனி, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் பவர் சப்ளை. நான் முதன்முதலில் பூட்டிய கணினிக்குக் கேசிங்கோடு, அதாவது வெளிப்பெட்டியோடு, இலவசமாக வந்த பவர் சப்ளையையே போட்டேன். மேலே 500 வாற் என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தக் கேசிங்கைத் தந்த கடைக்காரரும் நல்லதென்றே சொன்னார். எட்டாவது மாதம் ஒரு வெடிச் சத்தத்தோடு அது போனது. போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் அழைத்துக்கொண்டு போனது. மதர்போர்டை மறுபடி வாங்கிவிட்டேன். தங்கையின் திருமணப் படங்களை வாங்க முடியவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும், கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கினாலும் இறங்குங்கள், பவர் சப்ளையில் இறங்காதீர்கள் என்றுதான் சொல்லிவருகிறேன்.

வாற் எண்ணைக் கூட்டுவதால் மட்டும் தரம் வந்துவிடாது. ரைசன் 5 5600 உம் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் கொண்ட கணினி, விளையாட்டு ஓடும்போதும் 300 வாற்றைத் தாண்டுவது அரிது. அதற்கு நம்பகமான நிறுவனத்தின் 550 வாற் தாராளம். பெட்டியிலுள்ள 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவா என்பதைச் சொல்வதில்லை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையென்றால், ஒன்றின் கேபிளை மற்றொன்றில் ஒருபோதும் மாட்டாதீர்கள். முனை பொருந்தினாலும் கம்பிகளின் வரிசை பொருந்தாமல் போகலாம். ஆளியைப் போட்ட கணத்தில், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எரிந்துவிடலாம். பழைய பவர் சப்ளைகளின் பின்புறத்தில் 115, 230 என்று ஒரு சிறிய சிவப்பு ஆளி இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ட். வீட்டுச் சிறுவர்கள் அதைத் தள்ளி விளையாடிவிட்டு, பிறகு வெடித்த பவர் சப்ளையோடு தகப்பன்மார் வந்து நின்றதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கேசிங்கில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று சிலர் வருவார்கள். கணினியில் பழுதில்லை, வீட்டில் எர்த் இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டிச் சுற்றிலுள்ள கொள்ளளவிகள் சிறிதளவு மின்னைக் கேசிங்குக்குக் கசியவிடும். எர்த் கம்பி அதை நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று கால் பிளக்கை இரண்டு கால் மல்டி பிளக்கில் மாட்டினால் அதற்குப் போக்கிடமில்லை. கேசிங் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கிறது. மின்னோட்டம் சிறிதென்பதால் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் தொலைக்காட்சிக்கு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் பொறி பறந்து இரண்டு பக்கத்திலும் கேபிள் செருகும் துறைகள் பழுதாகலாம். கணினி வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, மின்தொழிலாளி ஒருவரை அழைத்து, எர்த்தையும், மின் கசிந்தால் தானாக அணையும் ட்ரிப் ஸ்விட்சையும் பார்க்கச் செய்யுங்கள்.

மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் ஆளியை அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், செம்புக் கம்பியில் வரும் தொலைபேசி இணைப்பையும் ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள். மின்சாரம் நின்றால் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் வாங்கும்போது விஏ வேறு, வாற் வேறு என்பதை நினைவில் வையுங்கள். 650 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 400 வாற்றுக்குக் குறைவாகவே தாங்கும்.

கச்சான் என்னும் வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும் மாதங்களில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வீடுகளின் அறையே கொதிக்கிறது. குளிரூட்டி இல்லாத அறையில் முன்புறம் கண்ணாடி மூடிய அழகுக் கேசிங் அடுப்பாகிவிடும். முன்புறம் வலையாக, தூசு வடிகட்டியோடு உள்ளதையே எடுங்கள். கல்லடி, கல்முனை போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று படியும் என்பதால் கணினியை ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம். பின்புறத்தில் வெறுமையாக உள்ள துவாரங்களைத் தகடுகளால் மூடியே வையுங்கள். பல்லி உள்ளே போய்ச் சுற்றைக் குறுக்கிணைத்துத் தானும் செத்துப் பலகையையும் கொன்ற கதை நம்மூரில் வேடிக்கையன்று.

பூட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை சிலவே. உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிவிட்டுத் தொடங்குங்கள். மதர்போர்டு கேசிங்கின் தகட்டில் நேராகப் படாதபடி பித்தளைத் தாங்கிகளைப் பலகையின் துளைகளுக்கு நேரே மட்டும் பூட்டுங்கள். ஏஎம்4 புரொசஸரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. முக்கோண அடையாளம் பொருந்தினால் அது தானாக இறங்கும், அழுத்தத் தேவையில்லை. கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதவர் அரிது, நானும் மறந்திருக்கிறேன். இரண்டு ராம் என்றால், நான்கு துவாரப் பலகைகளில் பெரும்பாலும் புரொசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

முதல் தடவை ஆளியைப் போட்டதும் படம் வராவிட்டால், புரொசஸருக்கான எட்டு ஊசிக் கேபிளைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், திரையின் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டிடிஆர்5 பலகையானால் எதையும் கழற்றாமல் காத்திருங்கள். அது ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பயந்து பிளக்கை இழுத்துவிட்டு, பலகை பழுதென்று நள்ளிரவில் எனக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் பலர்.

நன்றி, வணக்கம்.